தங்கச்சாமியின் தீயில்லா அடுப்பு

அது கண்டுபிடிப்புகளின் காலம். மாதத்துக்கு ஒரு அதிசயம் எங்கள் ஊருக்குப் பஸ் ஏறி வந்துகொண்டிருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று பேசினால் அமெரிக்காவில் கேட்டது. கிரைண்டரில் மாவு தானே அரைந்தது. மொட்டைமாடியில் ஒரு குடையை மல்லாத்தி வைத்தால் ஹாங்காங்கிலிருந்து படம் வந்தது. இத்தனையும் வெளியூர்க்காரன் செய்தது என்பதில் எங்களுக்குத் தீராத வயிற்றெரிச்சல். ஆகவே தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு கோடையில், தளவாய்புரம் தங்கச்சாமி தீயே இல்லாமல் சமைக்கும் அடுப்பைக் கண்டுபிடித்துவிட்டார் என்று செய்தி வந்தபோது, அது நிஜமா என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. பாராட்டவே நேரம் போதவில்லை.

அடுப்பு என்பது ஒரு பித்தளைப் பெட்டி. உள்ளே செம்புக் கம்பிச் சுருளும், அய்யனார் கோவில் ஓடையில் எடுத்த ஒரு கல்லும் இருந்தனவாம். திறந்து காட்டினால் கல்லின் கதிர் வெளியேறிவிடும் என்பதால் திறப்பதில்லை. ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பந்தல் போடாமல், வெட்டவெளியில் பெஞ்சு போட்டு அதைப் பார்வைக்கு வைத்தார்கள். வரிசையில் நின்று தொட்டுப் பார்த்த எல்லோருக்கும் சுட்டது. நானும் தொட்டேன். எனக்கும் சுட்டது. சித்திரை மாத உச்சிவெயில். பக்கத்தில் இருந்த கைப்பிடிச் சுவரும் அதே அளவு சுட்டது. ஆனால் அதைக் கண்டுபிடித்தவர் யாரும் இல்லாததால் அதற்கு மாலை போடவில்லை.

ராஜபாளையத்தில் ஒரு பாராட்டு மன்றமும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பாராட்டு மன்றமும் தோன்றி, தங்கச்சாமி எந்த ஊர்க்காரர் என்று கொஞ்ச நாள் அடித்துக்கொண்டன. பிறகு கலெக்டர் தலையிட்டு இரண்டையும் இணைத்துக் கண்டுபிடிப்பாளர் போற்றுதல் மன்றம் ஆக்கினார். தலைவர், ஓய்வு பெற்ற வரலாற்றுப் பேராசிரியர் அழகியமணவாளன். மன்றம் சுறுசுறுப்பாக வேலை செய்தது. தங்கச்சாமிக்கு ஒரு ராஜபாளையம் நாய்க்குட்டி பரிசளித்தார்கள். நாலு குழந்தைகளுக்கு அவர் பெயரை வைத்தார்கள். விறகுக்கடைக்காரர்களைக் கூப்பிட்டு, பிழைப்புக்கு வேறு வழி பார்க்கும்படி அன்போடு எச்சரித்தார்கள். மன்றக் கூட்டங்களில் சாம்பிராணி, ஊதுபத்தி எதுவும் கொளுத்தக்கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். தீயைக் கும்பிட்டுக்கொண்டே தீயில்லா அடுப்பைப் பாராட்டினால் அது இரட்டை வேடம் என்று பேராசிரியர் விளக்கினார்.

அந்த அடுப்பில் அதுவரை யாரும் ஒரு டம்ளர் வெந்நீர்கூட வைத்ததில்லை. அதற்கான விழாதான் ஸ்ரீவில்லிபுத்தூரில் நடப்பதாக ஏற்பாடு. அமைச்சர் வருகிறார். மேடையிலேயே, தீயில்லா அடுப்பில், ஐந்து லிட்டர் பாலைப் பால்கோவாவாகக் கிளறிக் காட்ட வேண்டும்.

கிளற வேண்டிய ஆள் ஐயாதுரை.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்த ஒரு பால்பண்டச் சங்கத்தில் ஐயாதுரை பதினோரு வருஷமாகப் பால் கிளறுகிறவன். புளிய விறகுத் தீக்கு முன்னால் நின்று, பால் அடிபிடிக்காமல் துடுப்பைச் சுழற்றிக்கொண்டே இருப்பது அவன் வேலை. பதினோரு வருஷமும் தினக்கூலி. நிரந்தரம் ஆக வேண்டும் என்பது மட்டும்தான் அவனுக்கு வாழ்க்கையில் ஆசை. நிரந்தரம் ஆனால் லீவு உண்டு, கடைசியில் பென்ஷன் உண்டு, காய்ச்சல் வந்தால் காய்ச்சலோடு படுத்திருக்கலாம். தினக்கூலிக்கு இருக்கும் ஒரே உரிமை, மாலையில் வீட்டுக்குப் போகும்போது வாசலில் வாட்ச்மேன் ராக்கப்பனிடம் தூக்குச்சட்டியைத் திறந்து காட்டுவது. பால்கோவா வெளியே போய்விடக் கூடாது. அதில் ராக்கப்பன் கறாரானவன். தன் தம்பியின் வாயையே திறக்கச் சொல்லிப் பார்த்தவன்.

விழாவுக்கு முந்தின நாள் சங்கத்தின் செயலாளர் சடகோபன் ஐயாதுரையைக் கூப்பிட்டார்.

"ஐயாதுரை, ஒன் நிரந்தர ஆர்டரு என் சட்டைப்பையில இருக்கு. நாளைக்கு மேடையில பால்கோவா எறங்குன ஒடனே அமைச்சர் கையால வாங்கிக்க."

"எறங்கலேன்னா சார்?"

"எறங்கலேன்னா அது அடுப்புக் கோளாறு இல்ல. அடுப்பக் குத்தம் சொல்ல முடியாது, அதுக்குப் பாராட்டு அச்சடிச்சாச்சு. கிளறுனவன் கோளாறு. பொறவு நீ தினக்கூலியாக்கூட இங்க வர வேண்டாம்."

ஐயாதுரை வீட்டுக்கு வந்து மனைவி குருவம்மாளிடம் சொன்னான். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"அடுப்பு சூடாவுமா?"

"வெயில்ல வச்சா சூடாவும். விழா பொழுது சாஞ்சதுக்கு அப்புறம்தான்."

"அப்ப பால் பாலாத்தானே இருக்கும்?"

"இருக்கும்."

 குருவம்மாள் அரிசியை ஓரமாக வைத்துவிட்டு, பக்கத்து வீட்டில் பால் வாங்கி வந்து, கொல்லைப்புறத்தில் விறகு அடுப்பை மூட்டினாள். சங்கத்திலிருந்து ஒரு பொட்டு எடுக்க முடியாது, ராக்கப்பன் இருக்கிறான். மறுநாள் மதியத்துக்குள் இரண்டு கிலோ பால்கோவாவை மந்தார இலையில் கட்டி, அவன் இடுப்பில் துண்டோடு துண்டாகச் சுற்றிவிட்டாள்.

"துணியால மூடி வச்சுக் கிளறச் சொல்லுதாகள்ல, மொதல்லயே உள்ள தள்ளிருங்க. யாரு பாக்கப் போறா?" என்றாள்.

"மாட்டிக்கிட்டேன்னா?"

"மாட்டிக்கிட்டா என்ன, இல்லேன்னாலும் வேலை போறதுதானே?"

ஐயாதுரை துண்டை இறுக்கிக்கொண்டு கிளம்பினான். வயிற்றில் கட்டியிருந்த பால்கோவா இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. 

மைதானம் நிறைந்திருந்தது. வத்திராயிருப்பிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்திருந்தார்கள். விழாவில் எங்கும் தீ இருக்கக் கூடாது என்பதால் தீயணைப்பு வண்டி ஒன்று நின்றது. பீடி பற்றவைத்த ஒரு பெரியவரின் மேல் அது கடமை தவறாமல் தண்ணீர் அடித்தது. அவர் நனைந்தபடியே முன்வரிசையில் உட்கார்ந்து கடைசி வரை கைதட்டினார்.

மேடை நடுவில் பித்தளைப் பெட்டி. அதன்மேல் வாணலி. வாணலியை மூடி ஒரு பட்டுத்துணி. கதிர் வெளியே போகக் கூடாது என்பதால் துணியை விலக்காமல், கையைத் துணிக்கு உள்ளே விட்டுத்தான் கிளற வேண்டும். ஐயாதுரை பாலை ஊற்றினான். குனிந்து துணியைச் சரிசெய்கிற சாக்கில் இடுப்பிலிருந்ததை உள்ளே தள்ளினான். தொப் என்று ஒரு சத்தம். அவனுக்கு அது வெடிச்சத்தம் மாதிரி கேட்டது. நிமிர்ந்து பார்த்தான். யாரும் கவனிக்கவில்லை, பொன்னாடை போர்த்த ஆரம்பித்திருந்தார்கள்.

கண்டுபிடிப்பாளர் தங்கச்சாமி மெதுவாக அவன் பக்கத்தில் வந்தார். கழுத்தில் எட்டு மாலை. முகம் வெளிறிப்போயிருந்தது.

"அண்ணாச்சி," என்றார் காதோரம். "இது சூடாவுதா?"

"நீங்கதான சார் சொல்லணும்."

"எங்க வீட்டுல ஒரு நாள் சுட்ட மாதிரி இருந்துச்சு. நான் பக்கத்து வீட்டுல சொன்னேன், அம்புட்டுதான். அடுத்த நாள் மாலை போட்டுட்டாக. பொறவு எங்க நிறுத்துறதுன்னு தெரியல."

அவரை மைக் கூப்பிட்டது. போய்விட்டார்.

வழக்கமாக விழாவில் குத்துவிளக்கு ஏற்றுவார்கள். விளக்கின் ஒரு முகத்துக்கு ஒரு பெரிய மனிதர். இங்கே தீ கூடாது. அதனால் பெரிய மனிதர்கள் ஒவ்வொருவராக வந்து, பட்டுத்துணிக்குள் கைவிட்டுத் துடுப்பை ஒரு சுற்றுச் சுற்றித் தொடங்கிவைக்க வேண்டும் என்று மன்றம் முடிவு செய்திருந்தது.

முதலில் பேராசிரியர் மைக்கைப் பிடித்தார்.

"பலர் என்னைக் கேட்கிறார்கள், இந்த அடுப்பைச் சோதித்துப் பார்த்தீர்களா என்று. நான் சோதிக்கவில்லை. சோதிப்பது சந்தேகப்படுகிறவர்களின் வேலை. நான் அறிவியலை நம்புகிறவன்!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அவர் பொன்னாடையை மார்போடு இறுக்கிப் பிடித்தபடி வந்து துணிக்குள் கையை விட்டார். தொப். ஐயாதுரை திடுக்கிட்டான். துடுப்பில் என்னவோ கனம் கூடியது. பேராசிரியர் அவனைப் பார்க்கவே இல்லை. ஆகாயத்தைப் பார்த்தபடி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனார். பொன்னாடை இப்போது தளர்ந்து தொங்கியது.

அடுத்து செயலாளர் சடகோபன். தொப்.

அடுத்து தாசில்தார் ராபர்ட். அவர் பேச்சு சுருக்கமாக இருந்தது. "அடுப்பின் பரிசோதனை அறிக்கை விழா முடிந்த பிறகு வரும். முடிவு தெரிந்த பிறகு பரிசோதிப்பதுதான் நிர்வாகத்துக்குப் பாதுகாப்பு." அவர் பொன்னாடைக்குள்ளிருந்து விழுந்தது கொஞ்சம் பெரியது.

ஐயாதுரைக்குப் புரிந்துவிட்டது. ஒவ்வொருவரும் தன் நாற்காலிக்குப் பயந்து ஒவ்வொரு பொட்டலம் கொண்டுவந்திருக்கிறார்கள். ஒருவர் கொண்டுவந்தது இன்னொருவருக்குத் தெரியாது. எல்லோர் கையும் போன இடத்தில் நிற்பவன் அவன் ஒருவன்தான். வாணலி சின்னது. துணி மெல்ல மேலே எழும்பத் தொடங்கியிருந்தது. ஒட்டுமொத்தமாக வழிந்து, மந்தார இலையெல்லாம் வெளியே வந்தால் முதலில் யாரைப் பிடிப்பார்கள்? தாசில்தாரையா பிடிப்பார்கள்?

தங்கச்சாமி வந்தார். மாலைகளுக்கு அடியிலிருந்து எதையோ உருவினார்.

"சார், போதும் சார். நெறஞ்சிருச்சு," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான் ஐயாதுரை.

அவர் காதில் விழவில்லை. நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். தொப்.

கடைசியில் அமைச்சர். அவருக்கு மூன்று பொன்னாடை. ஐயாதுரை மனதுக்குள் எல்லாச் சாமியையும் கூப்பிட்டான். அமைச்சருமா கொண்டுவருவார்? அவருக்கு என்ன பயம்? ஆனால் அமைச்சருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார் அல்லவா. அமைச்சர் கையை விட்டார். இந்த முறை தொப் என்று கேட்கவில்லை. தட் என்று கேட்டது. அவருடைய உதவியாளர் பஸ் ஸ்டாண்டுக் கடையில் அவசரமாக வாங்கியதை அட்டைப்பெட்டியோடு கொடுத்துவிட்டிருந்தார்.

அட்டைப்பெட்டி மிதந்தது.

துணிக்கு அடியில் அதன் மூலை முட்டிக்கொண்டு தெரிந்தது. ஐயாதுரை துடுப்பை வைத்து அதை அழுத்தினான். அழுத்தினால் ஒரு பக்கம் போய், மறு பக்கம் எழும்பியது. அமைச்சர் அங்கேயே, வாணலிக்குப் பக்கத்திலேயே, மைக்கைக் கையில் வாங்கிப் பேசத் தொடங்கிவிட்டார்.

"வெள்ளைக்காரன் என்ன பெரிதாகக் கண்டுபிடித்தான்? ரயில் கண்டுபிடித்தான், அதற்குக் கரி வேண்டும். பல்பு கண்டுபிடித்தான், அதற்குக் கரண்டு வேண்டும். அவன் கண்டுபிடித்த எல்லாவற்றுக்கும் ஏதாவது ஒன்று வேண்டும். நம் தங்கச்சாமி கண்டுபிடித்ததற்கு எதுவுமே தேவையில்லை! இந்த அரசாங்கமும் அப்படித்தான். நாங்கள் எதுவுமே இல்லாமல் நடத்திக்கொண்டிருக்கிறோம்!"

ஐயாதுரை இரண்டு கையாலும் துடுப்பை அழுத்திப் பிடித்திருந்தான்.  பெட்டி அடியில் முண்டியது. ஏதோ மிருகத்தைத் தண்ணீரில் அமுக்கிப் பிடிப்பது போல் இருந்தது அவனுக்கு. அமைச்சர் முடிப்பதாகத் தெரியவில்லை. முன்வரிசையில் நனைந்திருந்த பெரியவர் வாணலியையே உற்றுப் பார்த்தார். அவர் எழுந்து நின்றார். கையை நீட்டினார். 

"பொங்குது!" என்று கத்தினார் பெரியவர்.

பட்டுத்துணியின் ஓரமாகப் பாலும் பால்கோவாவும் கலந்து, கட்டியும் குழம்புமாக, மேடைப் பலகையில் வழிந்துகொண்டிருந்தது.

எங்கள் பக்கத்தில் வழிகிற பாலைப் பார்த்தால் யாரும் ஏன் வழிந்தது என்று கேட்க மாட்டார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். ஒரு மைதானம் முழுக்கக் குலவை. "பால் பொங்கிருச்சு! பால் பொங்கிருச்சு!" என்று கூட்டம் எழுந்து ஆடியது. கற்பூரம் கொளுத்தப் போன இரண்டு பேரைத் தீயணைப்பு வண்டி நனைத்தது. அந்த ஆரவாரத்தில் ஐயாதுரை துணிக்குள் கைவிட்டு, அட்டைப்பெட்டியையும் இலைகளையும் வாரித் தன் துண்டில் சுருட்டிக்கொண்டான். யாரும் பார்க்கவில்லை.

வாணலியில் இருந்ததை எடைபோட்டார்கள். ஐந்து லிட்டர் பாலுக்குப் பதினைந்து கிலோ.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். பேராசிரியர் தான் போட்டது இரண்டு கிலோ என்று அறிவார். மீதி எங்கிருந்து வந்தது? தாசில்தாரும் அப்படியே கணக்குப் போட்டார். செயலாளரும் போட்டார். தங்கச்சாமி போட்டுப் பார்த்துவிட்டு மேடையிலேயே தேம்பித் தேம்பி அழுதார். அடுப்பு நிஜமாகவே வேலை செய்கிறது! அதுவரை அதை நம்புவதாக நடித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் அந்த நிமிஷத்திலிருந்து மனதார நம்பத் தொடங்கினார்கள். அமைச்சர் ஐயாதுரையின் கையில் நிரந்தர ஆர்டரைக் கொடுத்தார். அவன் கை பிசுபிசுவென்று இருந்ததால் அது ஒட்டிக்கொண்டது.

ஐயாதுரையும் குருவம்மாளும் அன்று சந்தோஷமாக இருந்தார்கள். அதை மறைப்பானேன்.

கொஞ்ச நாளில் மெமோ வந்தது. தினக்கூலிக்கு மெமோ கொடுக்க விதியில் இடமில்லை, நிரந்தரமானவருக்கு உண்டு. ஒரு லிட்டர் பாலில் மூன்று கிலோ பால்கோவா எடுக்க முடியும் என்பது அமைச்சர் முன்னிலையில் நிரூபணமாகிவிட்டது. இந்த ஐயாதுரை இதுநாள் வரை லிட்டருக்குக் கால் கிலோதான் எடுத்திருக்கிறான். மிச்சத்தை அவன் எங்கே கொண்டுபோனான்? விசாரணைக் குழு: பேராசிரியர், தாசில்தார், செயலாளர். நிபுணராகத் தங்கச்சாமி. திருட்டு உறுதியானால் வேலை போகும், போலீஸ் வரும்.

ராக்கப்பனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "என்னைத் தாண்டி ஒரு எறும்பு வெளிய போகல," என்றான் அவன். அவன் எவ்வளவு பெரிய கூட்டாளியாக இருக்க வேண்டும் என்று குழு குறித்துக்கொண்டது.

விசாரணைக்கு முந்தின நாள் குருவம்மாள் கேட்டிருந்தாள், "நெசத்தச் சொன்னா?"

"மேடையில ஏமாத்துனேன்னு ஜெயிலு. சொல்லலேன்னா பதினோரு வருசம் திருடுனேன்னு ஜெயிலு."

"அவிய போட்டதயும் சொல்லுங்க."

"நம்புவாகளா, ஏட்டி? அவியளே அவியள நம்ப மாட்டாக."

குருவம்மாள் அவனுக்குச் சோறு போட்டாள். "அப்ப சொல்லாதீங்க. திரும்பச் செஞ்சு காட்டுதேன்னு சொல்லுங்க," என்றாள்.

விசாரணை அறையில் மின்விசிறி சுற்றவில்லை. பேராசிரியர் கேட்டார், "லிட்டருக்கு மூணு கிலோ எடுக்கத் தெரிந்தவன் நீ. எங்கே போச்சு மிச்சம்?"

 ஐயாதுரை சொன்னான்.

"ஐயா, இன்னொரு தடவை செஞ்சு காட்டுதேன். ஆனா அன்னிக்கு மாதிரியே இருக்கணும். அன்னிக்கு யாரு யாரு வந்து துணிக்குள்ள கையவிட்டு ஒரு சுத்துச் சுத்துனாகளோ, அம்புட்டுப் பேரும் வரணும். அதே பொன்னாடையோட. துணிய மட்டும் எடுத்துருவோம்."

 பேராசிரியர் தாசில்தாரைப் பார்க்கவில்லை. தாசில்தார் செயலாளரைப் பார்க்கவில்லை. தான் பொட்டலம் போட்டதை இவன் பார்த்துவிட்டான் என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். தங்கச்சாமி ஜன்னல் வழியாக மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். செயலாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"தேவையில்லை," என்றார் பேராசிரியர் கடைசியில். "எனக்கு இப்போது புரிகிறது. இவன் திருடவில்லை. இத்தனை வருஷமும் மிச்சத்தைத் தின்றது தீ. பழைய அடுப்பின் தீ!"

"அதேதான்," என்றார் தாசில்தார் அவசரமாக. "தீதான் குற்றவாளி."

ஐயாதுரை வெளியே வந்தான். பிழைத்தோம் என்று நினைத்தான்.

குற்றவாளியைத் தண்டிக்காமல் விடுவார்களா? ஒரே வாரத்தில் சங்கத்தின் விறகு அடுப்புகளைச் சிமெண்ட் வைத்துப் பூசினார்கள். தங்கச்சாமியின் பித்தளைப் பெட்டிகள் வந்து இறங்கின. லிட்டருக்கு மூன்று கிலோ என்பது கெடுபிடி, தொழிலாளர் நலன் கருதி ஒரு கிலோ போதும் என்று மன்றம் பெருந்தன்மையோடு அளவைக் குறைத்தது. குறைந்தால் கிளறுகிறவன் பொறுப்பு.

இப்போது சங்கத்தில் ஐயாதுரை நிரந்தரம். காலையில் சில்லென்ற பாலைச் சில்லென்ற பெட்டிமேல் வைத்துச் சாயங்காலம் வரை கிளறுகிறான். அப்படியே இருக்கும் பாலைச் செயலாளர் பின்வாசல் வழியாக விற்கிறார். வாங்குவது கிளறுகிறவர்களின் பெண்டாட்டிகள். குருவம்மாள் அதைக் கொல்லைப்புறத்தில் விறகு மூட்டிக் காய்ச்சிப் பால்கோவாவாக்குகிறாள். அது போதாமல் பக்கத்து வீட்டிலும் வாங்குகிறாள். நிரந்தரச் சம்பளம் முழுவதும் பாலுக்கே போகிறது. புகையில் அவள் கண் இரண்டும் சிவந்தே கிடக்கின்றன. ஊர் வியக்கிறது. தீயில்லாமல் செய்த பால்கோவாவில் பழைய விறகடுப்பு மணம் அப்படியே இருக்கிறதாம். அதற்காகத் தங்கச்சாமிக்கு இன்னொரு பாராட்டு விழா வருகிறது.

தினமும் காலையில் ஐயாதுரை, தூக்குச்சட்டி நிறையப் பால்கோவாவோடு ராக்கப்பனைத் தாண்டி உள்ளே போகிறான். ராக்கப்பன் ஒன்றும் கேட்பதில்லை. மாலையில் காலிச் சட்டியோடு வெளியே வரும்போதுதான் நிறுத்துகிறான்.

"ஏலே, தெறந்து காட்டு."

ஐயாதுரை திறந்து காட்டுகிறான். ராக்கப்பன் உள்ளே கையை விட்டுத் தடவி, விரலை முகர்ந்து பார்த்து, நீ திருடன் இல்லை, போ என்கிறான்.